அம்மாபேட்டை வெயிலுக்கு எந்த தெர்மல் பேஸ்ட்?

கேள்வி: வீடு சேலம் அம்மாபேட்டை. கீழே இரண்டு விசைத்தறி ஓடுகிறது, மாடியில் என் அறை. ரைசன் 5 5600 பிராசசர் போட்ட டெஸ்க்டாப், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பெட்டியோடு வந்த கூலர்தான். இந்த மே மாதம் கேம் ஆடினால் 90 டிகிரி காட்டுகிறது. கடையில் கேட்டால் 'லிக்விட் மெட்டல் போட்டுக்கோ, 20 டிகிரி குறையும்' என்கிறார்கள். அக்காவின் லேப்டாப்பும் கொதிக்கிறது. இரண்டுக்கும் எந்த தெர்மல் பேஸ்ட் வாங்கலாம்?

பதில்:

லிக்விட் மெட்டலை மட்டும் தொடாதீர்கள் தம்பி. மற்றதை நிதானமாகப் பேசலாம். உங்கள் கூலரில் அதைப் பூசினால் 20 டிகிரி குறைவது இருக்கட்டும், கூலரே பாழாகிவிடும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டுக்கும் ஒரே பேஸ்ட் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். டெஸ்க்டாப்பில் ஓரளவு நல்ல பேஸ்ட் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. லேப்டாப்பில் எதைப் போடுகிறோம் என்பது ரொம்பவே முக்கியம். கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர் தலையில் விலை கூடின பேஸ்ட்டைக் கட்டுவார்கள். லேப்டாப் கொண்டுபோனால் டப்பாவில் இருக்கிற சாம்பல் நிறக் களிம்பைத் தடவி அனுப்பிவிடுவார்கள். இருபது வருடமாக இதே ஊரில் கம்ப்யூட்டர் கழற்றி மாட்டுகிறவன், நானும் ஒரு காலத்தில் அப்படித் தடவினவன்தான்.

பேஸ்ட் எதற்கு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிராசசரின் மேல் மூடியும் கூலரின் அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும், நுண்ணிய அளவில் இரண்டும் மேடு பள்ளம்தான். அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டும் ஒன்றையொன்று தொடும், பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றின் இடத்தை நிரப்பத்தான் நடுவில் பேஸ்ட். பொருள்கள் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகின்றன என்பதை ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்று கணக்கிடுவார்கள். செம்புக்கு ஏறத்தாழ 400. அலுமினியத்துக்கு 237. காற்றுக்கு வெறும் 0.026. நல்ல பேஸ்ட் என்றால் ஒற்றை இலக்கத்தில் ஏதோ ஒரு எண். அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் நூறு மடங்குக்கு மேல் தேவலாம், ஆனால் செம்பின் பக்கத்தில் வைத்தால் அது ஒரு முட்டுக்கட்டை. ஆகவே பள்ளத்தை நிரப்புகிற அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு இழைகூட வேண்டாம்.

நம்ம ஊர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னி. கடைக்காரர் சட்னியும் காய்த்துருவலும் தாராளமாக வைத்தால் நமக்குச் சந்தோஷம். பேஸ்ட் விஷயத்தில் அந்தத் தாராளம் கூடாது. இரண்டு தட்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, இடையில் சட்னி இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு செட் யாராவது கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம், ஆனால் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான். பேஸ்ட்டின் தடிமனை, அதன் கடத்தும் திறனாலும் பரப்பளவாலும் வகுத்தால் அது எவ்வளவு தடுக்கிறது என்று வந்துவிடும். உங்கள் 5600 முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 76 வாட் வரை இழுக்கும். மேல் மூடியில் வெப்பம் பரவுகிற இடத்தை 3 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேஸ்ட் 50 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. திறன் 4 உள்ள பேஸ்ட் போட்டால் அந்தப் படலத்தைத் தாண்டுவதற்குள் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். திறன் 8 உள்ளதைப் போட்டால் அரை டிகிரி. இரண்டு மடங்கு உசத்தியான பேஸ்ட் வாங்கி நீங்கள் மிச்சம் பிடித்தது அரை டிகிரி! வெப்பம் நிஜத்தில் சமமாகப் பரவாது, சில்லுக்கு நேர் மேலேதான் அதிகம் இருக்கும், அதனால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்ன 20 எங்கிருந்தும் வராது.

அதே கணக்கை அக்காவின் லேப்டாப்புக்குப் போடுங்கள். அதில் மேல் மூடியே கிடையாது. சிலிக்கான் சில்லு மொட்டையாக நிற்கும், அதன் மேல் நேராக செம்புத் தகடு உட்காரும். பரப்பளவு சுமார் ஒன்றரை சதுர சென்டிமீட்டர், போகிற வெப்பம் 45 வாட் என்று வையுங்கள். திறன் 4 என்றால் ஏறத்தாழ 3.75 டிகிரி, 8 என்றால் 1.9. இங்கே பேஸ்ட்டின் தரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சின்ன இடத்தில் பேஸ்ட் நிலைத்து நிற்குமா என்பது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக் கதை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் என்னிடம் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குக் கொடுப்பார். வெள்ளி கலந்த பேஸ்ட் என்று ஒன்று இருப்பதை எங்கோ கேள்விப்பட்டுவிட்டு, ஒரு நாள் காகிதப் பொட்டலத்தில் அரம் ராவின வெள்ளித் தூளோடு வந்துவிட்டார். 'உங்க பேஸ்ட்ல இதைக் கலந்து போடுங்க, உலோகத்துலயே வெள்ளிதானே சூட்டை நல்லாக் கடத்தும்' என்றார். அவர் சொன்னது சரிதான். வெள்ளி சுமார் 429, செம்பையே மிஞ்சும். ஆர்க்டிக் சில்வர் 5 என்று வெள்ளித் துகள் போட்ட பேஸ்ட் வெகு காலம் பேர்போனதாக இருந்ததும் உண்மைதான். ஆனால் பேஸ்ட்டில் துகள்கள் எண்ணெயில் மிதக்கின்றன. ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குப் போக வெப்பம் நடுவில் இருக்கும் எண்ணெயைத் தாண்டியாக வேண்டும். ஆற்றில் கல் போட்டுத் தாண்டுவது போலத்தான், கல் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இடையில் தண்ணீரில் கால் வைத்தாக வேண்டும். அதனால் உள்ளே வெள்ளியே இருந்தாலும் மொத்தப் பேஸ்ட்டின் திறன் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது.

இன்னொன்று, அரத் தூள் பெரிய தூள். பேஸ்ட்டில் போடுகிற துகள் சில மைக்ரான் அளவுதான் இருக்கும். கரகரவென்று கையில் தட்டுப்படுகிற தூளைப் போட்டால், அது மணல் போல நின்று கூலரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். படலம் தடிமனாகிவிடும், எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் தடைதான். போதாக்குறைக்கு வெள்ளி மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி போர்டில் சிந்தினால் கதை முடிந்தது. பொட்டலத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினேன். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பேஸ்ட்டுகள் பலவற்றில் இருப்பது அலுமினியம் ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும்தான். சேர்வராயன் மலையில் வெட்டின பாக்சைட்டைக் கீழே மேட்டூர் கொண்டுபோய் அலுமினியம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. பாக்சைட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வருகிற வெள்ளைப் பொடிதான் அந்த அலுமினியம் ஆக்சைடு. வெள்ளியை விட்டுவிட்டு மலைக்கல்லின் பக்கம் பாருங்கள் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிய வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கிற வாட் எண்ணைப் பார்த்துப் பேஸ்ட் வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த முறையில் அளந்து போடுகிற எண் அது. எச்.ஒய். 510 என்று மலிவாக ஒரு சாம்பல் பேஸ்ட் கிடைக்கும், புது கூலர் வாங்கினால் சின்னப் பொட்டலத்தில் கூடவே வருவதும் உண்டு. அதன் மேல் 1.93 என்றுதான் போட்டிருக்கும். பெயர் தெரியாத இன்னொன்று 15 என்று போட்டிருக்கும். என் கையில் அந்த 15 எத்தனையோ தடவை 1.93-ஐவிட மோசமாக ஓடியிருக்கிறது. படலம் எவ்வளவு மெல்லிசாக அமுங்குகிறது, எத்தனை வருடம் காயாமல் இருக்கிறது என்பதை எந்த டப்பாவும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. எனக்கு வேண்டியது அது இரண்டும்தான்.

சரி, உங்கள் 90 டிகிரிக்கு வருவோம். 5600-க்கு உச்சவரம்பே 90 டிகிரிதான். அதாவது பிராசசர் எல்லையைத் தொட்டுவிட்டு, தானே வேகத்தைக் குறைத்து உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே 40 அடிக்கிற நாளில் மாடி அறையில் 36, 37 இருக்கும். அப்படியானால் அறையைவிட 53, 54 டிகிரி மேலே போகிறது. உங்களோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் என்கிற அந்தக் குட்டி கூலருக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பேஸ்ட் காய்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதினதிலேயே எனக்கு முதலில் கண்ணில் பட்டது பேஸ்ட் இல்லை, தறி.

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தாலே தெரிந்துவிடும். மற்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் புழுதி படியும், ஊதினால் போய்விடும். தறி வீட்டுக் கம்ப்யூட்டரில் பஞ்சு படியும், அது ஊதினாலும் போகாது. ஃபேன் இழுக்கிற காற்றோடு நூல் தூசி வந்து கூலரின் தகடுகளுக்கு மேலே படிந்து, ஒன்றோடு ஒன்று பின்னி, கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், அடியில் காற்றே இறங்காது. ஒரு தடவை அந்தக் கம்பளியைச் சாமணத்தால் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது, ஃபேனின் வட்டம் அப்படியே அச்சாகப் பதிந்து. அன்றைக்குப் பேஸ்ட்டையே தொடவில்லை. அதை எடுத்துப் போட்டதற்கே பதினான்கு டிகிரி இறங்கியது.

ஆகவே பேஸ்ட் வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மட்டும் கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ப்ளோயர் அடிப்பதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் வேகத்தில் அதைத் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். அப்புறம் அந்தப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பஞ்சு தரையோடுதான் உருளும். மேசை மேல் ஏற்றினாலே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை துடைக்கிற இடத்தில் நாலு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

இப்போது லிக்விட் மெட்டல். அது காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த கலவை. காலியம் 29.76 டிகிரியிலேயே உருகிவிடும், நம்ம ஊர் மே மாதத்தில் கட்டியாக வாங்கி மேசை மேல் வைத்தால் சாயங்காலத்துக்குள் குட்டையாகக் கிடக்கும். வெப்பம் கடத்துவதில் அது எந்தப் பேஸ்ட்டையும் பல மடங்கு மிஞ்சும், அதில் சந்தேகமில்லை. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-லேயே அதைத்தான் போட்டிருக்கிறார்கள், ஒழுகாமல் சுற்றி வரப்புக் கட்டி. ஆனால் காலியத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகவே ஆகாது. அலுமினியத்தின் துகள்களுக்கு நடுவில் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரித்து, கையால் பிட்டால் பொலபொலவென்று உதிர்கிற மாதிரி ஆக்கிவிடும். உங்கள் ரெய்த் ஸ்டெல்த் அடி முதல் நுனி வரை அலுமினியம்!

ஒரு காலேஜ் பையன் இப்படிப் பூசிவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தான். கூலரின் நடுப்பகுதி ஊறின பிஸ்கட் மாதிரி இருந்தது. நல்லவேளை, போர்டில் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் மின்சாரம் பாய்ந்து அதுவும் போயிருக்கும். செம்பு அடிப்பாகம், அதுவும் நிக்கல் பூசினது, கை பழகினவர், கெட்டுப்போனால் தாங்கிக்கொள்கிற மனசு, இந்த நாலும் இருந்தால் பார்க்கலாம். உங்களுக்கு முதலாவதே இல்லை.

சூட்டு எண்ணை எப்படிப் படிப்பது என்பதற்கு ஏற்காடு ஒரு நல்ல பாடம். அங்கே காபி எஸ்டேட் கணக்கு எழுதுகிற ஒருவர் கோடை விடுமுறைக்குக் கீழே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். 'மலையில 74 காட்டின லேப்டாப் இங்க 87 காட்டுது, வர்ற வழியில இருபது கொண்டை ஊசியும் குலுங்கினதுல ஏதோ கழண்டுடுச்சு' என்று பதறிக்கொண்டு வந்தார். கழற்றவே இல்லை. அவர் எஸ்டேட் அறையில் 24 டிகிரி என்றார், என் கடைச் சுவரில் இருந்த தெர்மாமீட்டர் 36 காட்டியது. வித்தியாசம் 12. லேப்டாப் ஏறினது 13. கூலர் எப்போதும் அறைச் சூட்டுக்கு மேலேதான் கணக்கை ஆரம்பிக்கும், அறை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு சில்லும் ஏறும். அந்த மிச்ச ஒரு டிகிரியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் மலையில் கூலருக்கு ஒரு பாதகமும் இருக்கிறது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு, அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் அள்ளிப்போகிற வெப்பமும் குறையும். ஆனாலும் குளிர் அதை ஈடு கட்டிவிடுகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பேஸ்ட் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளக்கும்போது அறைச் சூட்டைக் கழித்துவிட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு அளந்துவிட்டு, பேஸ்ட் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அளந்து 'ஏழு டிகிரி குறைஞ்சிடுச்சு' என்று குதிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஏழில் ஐந்து சூரியன் இறங்கினதால் வந்தது. எச்டபிள்யூஇன்ஃபோ என்கிற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, பிராசசரை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிற சினிபெஞ்ச் என்கிற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, கடைசியில் நிற்கிற எண்ணைக் குறியுங்கள். கேம் வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரும்.

அக்காவின் லேப்டாப். மொட்டைச் சில்லு என்று சொன்னேன் இல்லையா, அதன் தொல்லை இதுதான். ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் சிலிக்கானும் செம்பும் விரிகின்றன, ஆனால் ஒரே அளவில் இல்லை. செம்பு சிலிக்கானைவிட ஆறேழு மடங்கு அதிகமாக விரியும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த அசைவு நடுவிலிருக்கிற பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளும். எண்ணெய்ப் பசை உள்ள இளகின பேஸ்ட் சீக்கிரம் வெளியேறிவிடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் சில்லின் ஓரமெல்லாம் பேஸ்ட் வரப்பு கட்டி நிற்கும், நடுவில் பளபளவென்று சிலிக்கான் தெரியும். பேஸ்ட் போட்டவுடன் ஜில்லென்று ஓடுகிறது, நாலு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது என்று புலம்புகிற லேப்டாப்காரர்கள் எல்லாருக்கும் நடப்பது இதுதான். தெர்மல் கிரிஸ்லி க்ரையோநாட் மாதிரிப் பேர்போன, டப்பாவில் 12.5 போட்ட பேஸ்ட்டே 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடுகிற லேப்டாப்பில் சீக்கிரம் காய்ந்து நான் பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு இப்போது நான் போடுவது ஹனிவெல் பி.டி.எம். 7950. இது பேஸ்ட் இல்லை, மெல்லிய தகடு மாதிரி வரும். அறைச் சூட்டில் மெழுகு போலக் கெட்டியாக இருக்கும், 45 டிகிரியைத் தாண்டினால் இளகிப் பள்ளங்களில் இறங்கும், ஆறினால் மறுபடி இறுகிவிடும். ஓரத்துக்கு ஓடிப்போகிற வழக்கம் இதற்கு ரொம்பக் குறைவு. முதல் நாளில் உசத்தியான பேஸ்ட்டுக்குச் சமமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாவது வருடத்திலும் அப்படியே இருக்கும். சில லேப்டாப்களில் கம்பெனியிலேயே இதைப் போட்டு அனுப்புகிறார்கள்.

இதை ஒட்டுவதில் சேலத்துக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மே மாதம் கூரியர் வண்டியில் கிடந்து வருகிற தகடு பிசுபிசுத்துப் போயிருக்கும், இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற மெல்லிய தாளை உரிக்கப் போனால் தகடும் கூடவே கிழியும். பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உரித்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். சில்லைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கத்தரித்து ஒட்டுங்கள். ஒட்டினவுடன் அளந்துவிட்டு ஏமாற வேண்டாம், நாலைந்து தடவை நன்றாகச் சூடாகி ஆறின பிறகுதான் அது சரியாக உட்காரும். கிடைக்கவில்லை என்றால் கெட்டியான பேஸ்ட் ஏதாவது போடுங்கள், தண்ணியாக ஓடுகிறது வேண்டாம்.

லேப்டாப்பில் இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கும். சில்லைச் சுற்றி மெமரி மேலும் பவர் பகுதி மேலும் ரப்பர் மாதிரி பேட் ஒட்டியிருக்கும். அது கிழிந்துவிட்டால் அந்த இடத்திலும் பேஸ்ட்டைத் தடவி மூடிவிடுவார்கள். அங்கே இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ, பேஸ்ட் அதை எட்டவே எட்டாது. பழைய பேடின் தடிமனை அளந்து அதே தடிமனில் புதுசு வாங்குங்கள். கூட்டி வாங்கினால் தகடு தூக்கிக்கொண்டு சில்லின் மேல் சரியாக உட்காராது, எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டும் வீண்.

உங்கள் டெஸ்க்டாப்புக்கு ஆர்க்டிக் எம்.எக்ஸ். 4 போதும். நொக்டுவா என்.டி. ஹெச்1 கிடைத்தால் அதுவும் சரிதான். இரண்டும் மின்சாரம் கடத்தாது, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு சிரிஞ்சில் ஏழெட்டுத் தடவை போடலாம். அதற்கு மேல் கையில் பணம் இருந்தால் பேஸ்ட்டில் போடாதீர்கள், வெப்பத்தை மேலே கொண்டுபோகிற நாலு ஹீட்பைப் குழாய் உள்ள, உயரமான டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். என் அனுபவத்தில் அது மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி இறக்கிவிடும். செலவே வேண்டாம் என்றால் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கிற அமைப்புத் திரையில், ஈகோ மோட் என்று இருக்கும், அதைப் போட்டால் 65 வாட் ரகம் என்று விற்கிற பிராசசர் 45 வாட் ரகம் போல நடந்துகொள்ளும். கேமில் பெரிசாக ஒன்றும் தெரியாது. மே, ஜூன் இரண்டு மாதமும் அதில் ஓட்டிவிட்டு, வெயில் தணிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

போலி நிறைய உலவுகிறது, அதுவும் எம்.எக்ஸ். 4 பெயரில். ஆர்க்டிக் தன் இணையதளத்திலேயே பேக்கில் இருக்கிற குறியீட்டைப் போட்டுச் சரிபார்க்க வசதி வைத்திருக்கிறது, வாங்கினவுடன் பார்த்துவிடுங்கள். டப்பாவில் கரண்டி போட்டு எடுக்கிற பேஸ்ட்டை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். டூத்பேஸ்ட் போடலாமா என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். அதில் இருப்பது தண்ணீர், அது ஆவியானதும் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிடும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் பிராசசரில் ஊசி மாதிரிக் கால்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. மூன்று வருடப் பழைய பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டு போட்டிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். முதன்முதலில் எனக்கு அப்படித்தான் வந்தது, இன்னொருவருடைய பிராசசர், ஒரு வரிசை முழுக்கக் கால்கள் சாய்ந்துவிட்டன. மெக்கானிக்கல் பென்சிலின் ஈயம் எடுத்த முனையை ஒவ்வொரு காலிலும் மாட்டி நிமிர்த்தி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆனது. அதனால் முதலில் ஒரு கால் மணி நேரம் கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும்.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலமாக நின்றுவிடும். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி நல்லது. பனியன் துணி பஞ்சு விடும், உங்கள் வீட்டில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

அளவு: ஊறவைத்த பெரிய ஜவ்வரிசி இரண்டு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு, நடுவில் ஒரே துளியாக. டெஸ்க்டாப்பில் தேய்க்க வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். லேப்டாப்பில் பேஸ்ட் போடுவதாக இருந்தால் மட்டும் பழைய ஏ.டி.எம். கார்டை வைத்து மூலை முடுக்கெல்லாம் மெல்லிசாகத் தேய்த்துவிடுங்கள். மொட்டைச் சில்லில் ஒரு மூலை விட்டுப்போனால் அந்த மூலை மட்டும் தனியாகக் கொதிக்கும்.

திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, முடிந்தால் கீழே தறி ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் தறிக்கு லீவு இருக்குமே, அன்றைக்குக் காலையில் உட்கார்ந்தால் இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். மிச்சப் பேஸ்ட்டை மூடிபோட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது முனையில் எண்ணெய் மட்டும் தனியாக ஒழுகினால் அந்த முதல் சொட்டைக் காகிதத்தில் பிதுக்கிப் போட்டுவிட்டு, பின்னால் கெட்டியாக வருவதைப் போடுங்கள்.